சல்யூத் நிலையத்தில் ஒரு ஏப்ரன்

1917 மார்ச் 8, மகளிர் தினம். பெத்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். இப்போது வேலைநிறுத்தம் வேண்டாம் என்று போல்ஷெவிக் தோழர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள். பெண்கள் கேட்டால்தானே! அடுத்த வாரம் ஜார் மன்னர் மூட்டை கட்டினார்.

அதே ஆண்டு ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக் அரசும் நன்றி மறக்கவில்லை, கொஞ்ச காலத்துக்கு. அலெக்ஸாந்த்ரா கொலந்தாய் அமைச்சருக்குச் சமமான கமிசார் ஆனார். கட்சியில் பெண்களுக்கென்று தனித்துறை வந்தது. 1920இல் கருக்கலைப்பு சட்டபூர்வமானது. பிறகு ஸ்டாலின் வந்தார். 1930இல் அந்தத் துறையை இழுத்து மூடினார்கள். பெண்கள் பிரச்சினைதான் தீர்ந்துவிட்டதே, அப்புறம் துறை எதற்கு? 1936இல் கருக்கலைப்புக்குத் தடை. 1944இல் பத்துப் பிள்ளை பெற்றவருக்கு ‘வீரத்தாய்’ பட்டமும் பதக்கமும். தீர்ந்துபோன பிரச்சினைக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று கேட்க ஆளில்லை. கேட்கக்கூடிய கொலந்தாயைத்தான் தூதராக்கி நார்வே, மெக்சிகோ, சுவீடன் என்று வெளியூருக்கே அனுப்பிவைத்துவிட்டார்களே.

1963இல் யாரோஸ்லாவ்ல் ஊர் ஆலைத் தொழிலாளி வலந்தீனா தெரெஷ்கோவா விண்வெளிக்குப் போனார். பூமியை 48 முறை சுற்றினார். பெட்டியில் பற்பசை இருந்தது, பிரஷ் இல்லை. அதை எடுத்துவைக்க மறந்துவிட்டார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். உலகமே வாயைப் பிளந்தது. அமெரிக்காவுக்கு மூக்குடைந்தது. வந்த வேலை முடிந்தது என்று அடுத்த 19 ஆண்டுகள் வேறொரு பெண்ணை மேலே அனுப்பவே இல்லை.

1982இல் அனுப்பப்பட்டவர் ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா. சும்மா ஆள் இல்லை: ஜெட் விமானத்தில் சாதனைகள் படைத்தவர், விமான சாகசத்தில் உலக சாம்பியன், அப்பா விமானப்படை மார்ஷல். கலம் சல்யூத்-7 விண்வெளி நிலையத்தோடு இணைந்தது, கதவு திறந்தது, அம்மணி மிதந்தபடி உள்ளே நுழைந்தார். அங்கே ஏற்கெனவே தங்கியிருந்த வலந்தீன் லெபெதேவ் வரவேற்பாக நீட்டியது என்ன தெரியுமா? ஒரு ஏப்ரன். சமையலறை தயாராக இருக்கிறது, வேலையை ஆரம்பிக்கலாம் என்கிற தோரணையில் ஒரு வசனம் வேறு. எடையற்ற இடத்திலும் சமையல்கட்டின் ஈர்ப்புவிசை மட்டும் குறையவில்லை. மேலே போகும் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்க்கும் இடத்தில் அந்தத் துணி எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் என் சந்தேகம். அம்மணி 1984இல் திரும்பவும் போய், நிலையத்துக்கு வெளியே வந்து விண்வெளியில் உலோகத்தை வெட்டிப் பற்றவைத்தார். விண்நடை போட்ட முதல் பெண். அப்போது ஏப்ரன் கட்டிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

பூமியில் நிலைமை இன்னும் வேடிக்கை. உச்ச சோவியத்தில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கை தூக்குகிற சபையில் கைகளுக்கா பஞ்சம்? முடிவெடுக்கிற பொலிட்பீரோவில், ஸ்டாலின் இறந்ததிலிருந்து 1990 வரை, முழு உறுப்பினராக உட்கார்ந்த பெண் ஃபூர்த்சேவா ஒருவர்தான்.

பிறகு கோர்பச்சேவ் வந்து எல்லாவற்றையும் திறந்துவிட்டார். பெண்களுக்கு அவர் திறந்துவைத்தது வீட்டு வாசல். பெண்ணை அவளுக்கே உரிய கடமைக்குத் திருப்பி அனுப்புவது பற்றி 1987இல் புத்தகத்திலேயே எழுதினார். 1989 தேர்தலில் போட்டி என்று ஒன்று வந்ததும் பெண் பிரதிநிதிகள் ஏறக்குறைய பாதியானார்கள். சோவியத்தும் போனது. 1993இல் புதிய ரஷ்யாவின் தொழிலாளர் அமைச்சர் மெலிக்யான், ஆண்களுக்கே வேலையில்லாதபோது பெண்களை எதற்கு வேலைக்கு வைப்பது என்று கேட்டார். வேலை போனதாகப் பதிவு செய்தவர்களில் பெண்களே அதிகம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். அந்த ஆண்டே ‘ரஷ்யப் பெண்கள்’ என்ற கட்சி தேர்தலில் நின்று 8 சதவீத வாக்கு வாங்கியது. 1995இல் 5 சதவீதக் கோட்டைத் தாண்ட முடியாமல் விழுந்தது.

2000இல் பெண்களுக்கு ஆகாத வேலைகள் என்று 456 வேலைகளை அரசு பட்டியலிட்டது. மெட்ரோ ரயில் ஓட்டுவதும் அதில் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதே ரயிலைப் பெண்கள் ஓட்டியபோது யாருக்கும் உடம்பு நோகவில்லை. 2021இல் பட்டியல் சுமார் நூறாகச் சுருங்கியதும், மாஸ்கோ மெட்ரோவில் பெண் ஓட்டுநர் என்று புதுமையாகச் செய்தி போட்டார்கள்.

தெரெஷ்கோவாவைக் கேட்கிறீர்களா? 2020 மார்ச் 10 அன்று, 83 வயதில், நாடாளுமன்றத்தில் எழுந்து புதினின் பதவிக்காலக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம் என்று யோசனை சொன்னார். புதின் அன்றைக்கே சபைக்கு நேரில் வந்து, அரசியல்சட்ட நீதிமன்றம் சரி என்றால் தமக்கும் சம்மதம் என்றார். 2022இல் புதின் ஸ்டாலின் காலத்து ‘வீரத்தாய்’ பட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார். பத்தாவது குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததும் பத்து லட்சம் ரூபிள், அம்மா கையில். அது முதல் ஒன்பதுக்கு வாங்கிய கடனை அடைக்கப் போதுமா என்பதைக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும்.