தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்

மேரிலாந்து, அமெரிக்கா
12.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதிக்கொள்வது.   வட்ஸ்அப் இருக்க இதென்ன கடிதம் எண்டு யோசிப்பீங்கள். நீங்கள் கடற்கரையில நிண்டு கதைக்கேக்க உங்கட போன் பாதியில இந்தியாச் சிக்னலைப் பிடிச்சுக்கொண்டு அக்கரைக்குப் போயிடுது. பிறகு நான் "ஹலோ, ஹலோ" எண்டு ராமேஸ்வரத்தோடதான் கதைக்கவேண்டிக் கிடக்கு.

நீங்கள் கேட்ட கேள்வி மட்டும் முழுசாக வந்து சேர்ந்தது. "உங்க அமெரிக்காவில மந்திரியாக வாற ஆளைக் கூப்பிட்டு இருத்தி, கேள்வி கேட்டுத்தான் கதிரை குடுக்கிறதாம். மெய்யோ?"

மெய்தான் மாமா. ஆனால் கேள்விக்கும் கதிரைக்கும் நடுவில கொஞ்சக் கதை கிடக்கு.

நான் வேலை செய்யிறது ஒரு பெரிய கடையின்ர மீன் பகுதியில. வாஷிங்டன் கிட்ட எண்டபடியால் வாற சனத்தில கனபேர் அரசாங்க உத்தியோகம். இவையளுக்கு மீனின்ர தலையைக் கண்டால் பயம். தலை, வால், முள் எல்லாம் எடுத்து, இது ஒரு காலத்திலயும் கடலில நீந்தவில்லை எண்டு சத்தியம் பண்ணிக் குடுக்கவேணும். ஆனால் அரசியலை மட்டும் தலையோட முள்ளோட கதைப்பினம். போன கார்த்திகை தொடக்கம் என்ர மேசைக்கு முன்னால நடந்த கதை முழுக்க மந்திரிமாரைப் பற்றித்தான்.

முறை இப்பிடி. ஜனாதிபதி ஆளின்ர பேரைச் சொல்லுவார். செனட் சபையின்ர ஒரு குழு அந்த ஆளைக் கூப்பிட்டு, தொலைக்காட்சி பார்க்க, மணிக்கணக்கில கேள்வி கேட்கும். பிறகு 100 செனட்டர்மாரும் வாக்குப் போடுவினம். சரிக்குச் சரி வந்தால் உப ஜனாதிபதி ஒரு வாக்குப் போட்டு முடிச்சுவைப்பார்.

உங்களுக்கு இது புதுசில்லை. எங்கட மாதா கோயிலில ஒரு பெடியனுக்குக் கலியாணம் எண்டால் மூண்டு ஞாயிறு பூசையில பேரை வாசிச்சு, "தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்" எண்டு சாமியார் கேட்கிறாரெல்லோ, அதுதான் இது. பெடியன் போன வருசம் என்ன செய்தவன், எங்கை கடன் வாங்கினவன், எந்தக் கடையில குடிச்சவன் எண்டு முன் வாங்கில இருக்கிற ஆச்சி தொடக்கம் வாசலில நிற்கிற ஆள் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆர் எழும்புறது? எழும்பினால் பெடியன்ர தகப்பனோட பகை. சனம் இருமிக்கொண்டு இருக்கும், சாமியார் அடுத்த அறிவித்தலுக்குப் போயிடுவார். செனட்டிலயும் இந்த வருசம் இருமல்தான் கூட.

ட்ரம்ப் முதலில சட்டமா அதிபர் பதவிக்கு மட் கேட்ஸ் எண்டவரின்ர பேரைச் சொன்னவர். அது 2024 நவம்பர் 13. அவரைப் பற்றிக் காங்கிரஸின்ர ஒழுக்கக் குழு விசாரிச்ச கதை ஊர் முழுக்கத் தெரியும். அவரே கணக்குப் பார்த்து, 21ஆம் திகதி தானாக விலகிவிட்டார். எட்டு நாள். எங்கட ஊரில பொன்னாடையின்ர மடிப்புக் குலையவே அதுக்கு மேல எடுக்கும்.

அடுத்தது பாதுகாப்பு. பீற் ஹெக்செத், முந்திப் படையில இருந்தவர், பிறகு தொலைக்காட்சியில கதைச்சவர். ஜனவரி 14 குழுவுக்கு முன்னால வந்தார். டாமி டக்வேர்த் எண்ட செனட்டர், ஈராக்கில ஹெலிகொப்டர் ஓட்டி இரண்டு காலையும் இழந்தவ, ஆசியான் அமைப்பில எத்தனை நாடு, ஒண்டின்ர பேரையாவது சொல்லுங்கோ எண்டு கேட்டா. அவர் தென் கொரியா, யப்பான், அவுஸ்திரேலியா எண்டார். மூண்டும் அதில இல்லை மாமா. கேட்டவ பிறந்ததே பாங்கொக்கில, ஆசியான் நாட்டில. எங்கட பள்ளிக்கூடத்தில ஓ.எல். படிக்கிற பிள்ளை இப்பிடிச் சொல்லியிருந்தால் வெயிலில நிண்டிருக்கும்.

குடியைப் பற்றியும் கேட்டவை. பதவி தந்தால் குடிக்கமாட்டன் எண்டு சொன்னார். இதில ஒரு பழைய கதை இருக்கு. 1989இல மூத்த புஷ் இதே பாதுகாப்புப் பதவிக்கு ஜோன் டவர் எண்டவரைப் பிரேரிச்சார். அவரும் பதவி தந்தால் குடிக்கமாட்டன் எண்டு தொலைக்காட்சியில சொன்னவர். செனட் நம்பவில்லை. 53க்கு 47, ஆளை வீட்டுக்கு அனுப்பினது. ஹெக்செத்துக்கு ஜனவரி 24 வாக்கெடுப்பு. 50க்கு 50. உப ஜனாதிபதி வான்ஸ் வந்து வாக்குப் போட்டுக் காப்பாற்றினார். அதே கதிரை, அதே சத்தியம், முடிவு வேற.

ஏன் எண்டு ஒரு வாடிக்கையாளரைக் கேட்டன். சமன் மீனைக் கையில வைச்சுக்கொண்டு சொன்னார்: "1989இல செனட்டில பெரும்பான்மை எதிர்க்கட்சிக்கு. இப்ப பெரும்பான்மை சொந்தக் கட்சிக்கு." அவ்வளவுதான் மாமா. கேள்வி கேட்கிறவர் பெடியன்ர சொந்தக்காரராக இருந்தால் தடை வாயில வராது. இத்தனை வருசச் சரித்திரத்தில மந்திரிப் பேருகளில செனட் வாக்குப் போட்டு வேண்டாம் எண்டது ஒன்பது பேரைத்தான். டவர்தான் கடைசி ஆள்.

ஆனால் முந்தியெல்லாம் வாக்கெடுப்பு வரைக்கும் போகாமல் வெட்கத்தில விலகினவையும் இருக்கினம். 1993இல கிளின்டன் பிரேரிச்ச ஸோயி பெயார்ட் எண்ட சட்டத்தரணி, விசா இல்லாத ஆக்களை வீட்டு வேலைக்கு வைச்சிருந்தவ எண்டு தெரியவர விலகினா. இண்டைக்கு அந்தக் கதையைச் சொன்னால், "அவ்வளவுதானோ?" எண்டு கேட்பினம். சட்டம் மாறவில்லை மாமா. வெட்கம்தான் மெலிஞ்சுபோச்சு.

சுகாதாரத்துக்கு ரொபேர்ட் கென்னடி. தடுப்பூசியைப் பற்றி வருசக்கணக்காகச் சந்தேகம் கிளப்பினவர். லூசியானா செனட்டர் கசிடி ஒரு டொக்டர். அவர் குழுவில இருந்து கவலையோட கேள்வி மேல கேள்வி கேட்டார். எல்லாம் கேட்டு முடிச்சு ஆதரவாக வாக்குப் போட்டார். ஏன் எண்டு அவருக்குத்தான் தெரியும். 2026இல அவருக்குத் தேர்தல் எண்டது எல்லாருக்கும் தெரியும். அந்தக் கட்சியில எதிர்த்து எழும்பினது ஒரேயொரு ஆள், மிச் மக்கொனல். சின்ன வயதில போலியோ வந்து தப்பினவர். 52க்கு 48, கென்னடி மந்திரி.

கல்விக்கு லிண்டா மக்மேன். பேரைக் கேட்டுத் தலை சொறியாதேங்கோ. எங்கட பெடியள் டி.வி.யில பார்த்துப் பாயைக் கிழிச்ச டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தக் கொம்பனியைப் புருசனோட சேர்ந்து கட்டியெழுப்பினவ. இந்த மாதம் 3ஆம் திகதி பதவி கிடைச்சது. அந்தத் திணைக்களத்தையே மூடவேணும் எண்டுதான் ட்ரம்பின்ர விருப்பம். கடையை மூடுறதுக்கெண்டு முதலாளி மனேச்சர் எடுக்கிறதை இஞ்சதான் பார்த்தன்.

இதுக்குள்ள பெரிய பகிடி, இவை எல்லாரையும் விட அதிகாரமாக நிற்கிற எலொன் மஸ்க்கை ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவர் மந்திரி இல்லை, ஆனபடியால் செனட்டும் இல்லை. கேள்வி கேட்கப்படாமல் வந்தவர் பெப்ரவரி 22 எல்லா அரசாங்க உத்தியோகத்தரையும் கேள்வி கேட்டார்: போன கிழமை செய்த அஞ்சு வேலையை எழுதி அனுப்புங்கோ எண்டு மின்னஞ்சல் போகும் எண்டு அறிவிச்சு, அப்பிடியே போனது. என்னட்டை மீன் வாங்கிற அம்மா ஒருத்தி நொந்துபோய் வந்து, "நீ என்ன அஞ்சு செய்தனீ?" எண்டு கேட்டா. சமன் வெட்டினன், கொட் வெட்டினன், திலாப்பியா வெட்டினன், றால் உரிச்சன், உங்களோட கதைச்சு நேரம் போக்கினன் எண்டன். கடைசியைத் தவிர மற்றதெல்லாம் எழுதச் சொல்லிப்போட்டுப் போனா.

அமெரிக்காவைப் பற்றி நக்கலடிக்கிறன் எண்டு எங்கட பக்கத்தை விடமாட்டன். எங்கட அரசியலமைப்பில ஜனாதிபதி மந்திரியை நியமிச்சால் நியமிச்சதுதான். பாராளுமன்றத்தில உயர் பதவிகள் பற்றிய குழு எண்டு ஒண்டு இருக்கு. தூதுவரைக் கூப்பிட்டுப் பார்க்கும், அமைச்சின்ர செயலாளரைக் கூப்பிட்டுப் பார்க்கும். அந்தச் செயலாளருக்கு மேல இருக்கிற மந்திரியைப் பார்க்காது. 2007இல மகிந்த காலத்தில அமைச்சரவையிலயே 50 பேருக்கு மேல. அவையளைக் கேள்வி கேட்கிறதுக்கு முதல் கதிரை பிடிக்கவேண்டியிருந்திருக்கும். 2015இல 19ஆம் திருத்தம் வந்துதான் 30 எண்டு ஒரு வேலி போட்டது.

போன வருசம் அநுர ஜனாதிபதியாக வந்து முதலில மூண்டு பேரோட நாட்டை நடத்தினார். நவம்பர் 14 தேர்தலில 159 ஆசனம். 18ஆம் திகதி 21 மந்திரிமார் சத்தியப்பிரமாணம். அதில ஒரு முஸ்லிமும் இல்லை. அந்தக் கிழமை எருக்கலம்பிட்டி நானாவுக்குப் போன் எடுத்தன். கருவாட்டு விலையைக் கேட்க எடுத்தால் மனுசன் அமைச்சரவை விலையைச் சொல்லத் தொடங்கிட்டார். "இனம் பார்க்கேல்லை, தகுதி பார்த்தவை எண்டு சொல்லுகினம் தம்பி. பிரதி சபாநாயகர் தந்தம், பிரதி அமைச்சர் தந்தம், ஆளுநர் தந்தம் எண்டும் சொல்லுகினம். இனம் பார்க்காட்டி அந்தக் கணக்கை ஏன் எண்ணிக் காட்டுகினம்?" எண்டார். எனக்குப் பதில் வரவில்லை.

1947இல டி.எஸ். சேனாநாயக்காவின்ர முதலாவது அமைச்சரவையில ரி.பி. ஜாயா எண்ட முஸ்லிம் தொழில் மந்திரி. அதே அமைச்சரவையில தபால் மந்திரி ஆர் தெரியுமோ? எங்கட மன்னார்த் தொகுதியில சுயேச்சையாக வெண்ட சி. சிற்றம்பலம். அந்தக் காலத்திலயே மேசையில எங்களுக்கும் ஒரு இடம் இருந்தது. நானாவுக்கு இது கௌரவக் கணக்கு மட்டுமில்லை. 1990 ஒக்டோபரில புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்ற, கையில கிடைச்சதோட புத்தளத்துக்குப் போன சனம். காணி, வீடு, திரும்பி வாறது எல்லாத்துக்கும் கொழும்பில ஒரு கதவைத் தட்டவேண்டி இருந்தவை. உள்ளுக்கை தெரிஞ்ச முகம் இருக்கோ இல்லையோ எண்டது அவையளுக்குப் பகிடி இல்லை. ஆனால் நானாவே பிறகு சொன்னார்: "எங்கட ஆள் இருந்தால் நாங்கள் கேள்வி கேட்கமாட்டம் தம்பி, அதுவும் ஒரு வருத்தம்தான்." அந்த வசனத்தை அமெரிக்க செனட்டில பலகையில எழுதிக் கொழுவலாம்.

கேட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கும் எங்களிட்டை ஒரு சாட்சி இருக்கு. புது சபாநாயகர் அசோக ரன்வலவின்ர கலாநிதிப் பட்டத்துக்கு ஆதாரம் எங்கை எண்டு சனம் கேட்டது. உடன காட்ட ஆவணம் இல்லை எண்டு டிசம்பர் 13 பதவி விலகினார். ஒரு குழுவும் இல்லாமல் நடந்தது. ஆனால் மாலை போட்டபிறகு கேட்டது. முதலில கேட்டிருந்தால் மாலைக் காசு மிச்சம்.

இப்ப கடற்றொழில் மந்திரி இராமலிங்கம் சந்திரசேகர். எங்கட பேசாலைக்கு வந்தால் வழமைபோல மேளம், பொன்னாடை, மகஜர், படம். மகஜர் மந்திரியின்ர கையில இருந்து செயலாளருக்கு, செயலாளரிட்டை இருந்து சாரதிக்கு, பிறகு வாகனத்தின்ர பின் சீட்டுக்குப் போகும். இந்தமுறை மாலையை மேசையில வைச்சிட்டு முதலில கதிரையைப் போடுங்கோ. ஆசியானில எத்தனை நாடு எண்டு கேட்கவேண்டாம். சூடையையும் சாளையையும் பக்கத்தில வைச்சு எது எது எண்டு கேளுங்கோ. அடிமடி இழுவையைத் தடைசெய்து 2017இல போட்ட சட்டம் எங்கட கடலுக்கு எப்ப வந்துசேரும் எண்டு கேளுங்கோ. ராத்திரி இந்திய றோலர் இழுத்துக்கொண்டு போன வலைக்கு ஆர் காசு தாறது எண்டு கேளுங்கோ. மன்னார்த் தீவின்ர தென்கரையில 2020இல 30 காற்றாலை நட்டவை. இனி நடுறதெண்டால் நடமுதல் எங்களைக் கேட்பீங்களோ எண்டு கேளுங்கோ. மனுசன் நல்லவராக இருந்தால் கேள்வியால ஒரு குறையும் வராது.

இனித்தான் முக்கியமான விசயம். உள்ளூராட்சித் தேர்தலுக்கு உங்களையும் பிரதேச சபைக்குக் கேட்கச் சொல்லி ஆக்கள் வீட்டை வந்தவையாம். நல்லது, வாழ்த்துக்கள். ஆனால் இவ்வளவு எழுதிப்போட்டு உங்களைச் சும்மா விட்டால் நானும் அந்தச் செனட்டர்மார் மாதிரித்தான். மீனவர் சங்கத்தின்ர கணக்கு கடைசியாக எப்ப கூட்டத்தில வாசிச்சனீங்கள்? ஐஸ் பெட்டிக்குச் சேர்த்த காசில பெட்டி வந்ததோ, ஐஸ் மட்டும் வந்ததோ? போன திருநாளில கொடி ஏறமுதல் நீங்கள் ஏறி நிண்ட கதை மெய்யோ?

பதில் எனக்கு வேண்டாம். விசாரணைக் குழுவுக்கு மாமியைத் தலைவியாக நியமிக்கிறன். அவவுக்கு உங்கட தடை எல்லாம் தெரியும், சொல்லப் பயமும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த ஆளை 100 பேர் இருக்கிற சபையிலயும் தேடித்தான் பிடிக்கவேண்டிக் கிடக்கு.

இப்படிக்கு,
உங்கட அன்பு மருமகன்

பி.கு.: கருவாடு அனுப்பினால் நாலு பொலித்தீன் சுற்றி அனுப்புங்கோ. போனமுறை பக்கத்து வீட்டுக்காரர் காஸ் கசியுது எண்டு தீயணைப்புப் படைக்கு அடிச்சுப்போட்டினம். வந்த ஒரு அதிகாரி பொரிச்சுத் தின்று பார்த்திட்டு, அடுத்த பார்சல் எப்ப எண்டு கேட்டுக்கொண்டு திரியிறார்.