நுங்கு அலகு: அயல்நாட்டுப் பழங்களை உழவர்கரையில் அளக்கும் முறை

நீளத்துக்கு மீட்டர், எடைக்குக் கிலோ என்று உலகத்துக்கு அளவுகள் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்த புதுச்சேரியின் உழவர்கரை, பதிலுக்குப் பழத்துக்கு ஓர் அலகு கண்டுபிடித்து வைத்திருக்கிறது: நுங்கு. எந்தப் பல்கலைக்கழகமும் இதைக் கண்டுகொள்ளாததால் இந்த ஆய்வு எழுதப்படலாயிற்று.

ஆய்வுக்களம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு திண்ணை. தகவலாளிகள் மூவர்: சைகோனில் பிறந்து வளர்ந்து 1975-இல் ஊர் திரும்பிய எதிர்வீட்டு ஆயா, ரெயூனியன் தீவில் மகள் வீட்டுக்குப் போய்வந்த என் பெரியம்மா, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷனில் மலேசியா சுற்றிவந்த சொல்தா (சிப்பாய்) தாத்தா. ஆளுக்கு ஒரு டீ ஆய்வு நிதியிலிருந்து வழங்கப்பட்டது.

கேள்வி ஒன்றுதான்: அங்கே தின்ற பழம் எப்படி இருந்தது?

ரம்புத்தான்? "முடி மொளச்ச நுங்கு" என்றார் ஆயா. மங்குஸ்தான்? "பூண்டு மாதிரி பல்லு பல்லா இருக்கும். வாயில போட்டா நுங்கு." டிசம்பரில் ரெயூனியன் முழுக்கச் சிவந்து தொங்கும் லிச்சியைப் பெரியம்மா "பன்னீர் தெளிச்ச நுங்கு" என்று பதிவு செய்தார். டுரியானில்தான் அலகு உடைந்தது. தாத்தா டீயைக் கீழே வைத்துவிட்டு, "பலாப்பழம். செத்து மூணு நாள் ஆன பலாப்பழம்" என்றார். சிங்கப்பூர் ரயிலில் அதை ஏற்றவே விடமாட்டார்கள் என்பது அவர் சாட்சியத்துக்கு வலு சேர்க்கிறது. ஆயா மட்டும் ஒப்பவில்லை. "சௌ ரியெங்" என்று ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வியட்நாமியர் அதற்கு வைத்த பெயர் அது. பிரித்துப் படித்தால் 'தனித் துயரம்'.

ஒப்பிடாமல் தின்னத் தெரியாதா என்று மேனாட்டார் கேட்கலாம். அவர்கள் யோக்கியதையைப் பார்ப்போம். ஆங்கிலேயரின் அலகு ஆப்பிள். அன்னாசி பைன் ஆப்பிள், சீத்தா கஸ்டர்ட் ஆப்பிள், விளாம்பழம் உட் ஆப்பிள். (பெயர் வைத்தவர் விளாம்பழத்தை ஒருமுறையாவது தரையில் போட்டு உடைத்திருப்பாரா?) பிரெஞ்சுக்காரர்களோ உருளைக்கிழங்கையே மண் ஆப்பிள் ஆக்கியவர்கள். இவர்களுக்கு முன்னால் நுங்கு எவ்வளவோ நாகரிகமான அலகு.

டிராகன் பழத்தையும் சோதித்தோம். அமெரிக்கக் கண்டத்துக் கள்ளி அது. பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்குக் கொண்டுபோனார்கள். 2021-இல் குஜராத் அரசு அதற்குக் கமலம் என்று பெயர் வைத்தது. இப்போது எங்கள் தெருத் தள்ளுவண்டியில் கிடக்கிறது. மூவரின் தீர்ப்பும் ஒன்று: எள்ளு தூவின, ருசியில்லாத நுங்கு.

கடைசியாக ஆயா ஒரு சேதி சொன்னார். சைகோன் பக்கம் புத்தாண்டான தேத் அன்று சீத்தா, தேங்காய், பப்பாளி, மாம்பழம் நாலையும் ஒரே தட்டில் வைப்பார்களாம். அவர்கள் பாஷையில் நாலு பெயரையும் வரிசையாகச் சொன்னால் 'செலவுக்குப் போதுமானது கிடைக்கட்டும்' என்று காதில் விழுமாம். தேத் வர ஆறு மாதம் இருந்தது, ஆய்வு காத்திருக்குமா? ஆடிக் கடைசியில் நாலையும் வாங்கிவந்து தாம்பாளத்தில் அடுக்கினேன். கையிலிருந்த செலவுப் பணம் அதோடு சரி. ஆயா ஒவ்வொன்றாகத் தொட்டு அந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னார்.

பெரியம்மா தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "நுங்கு எங்க?" என்றார்.