டிராம் போகும் திராட்சைத் தோட்டம்

வியன்னா,
அக்டோபர் மாதம்

அன்புள்ள மாமாவுக்கு,

சுருளிப்பட்டியில் உங்கள் திராட்சைப் பந்தல் எப்படி இருக்கிறது? அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசும்போதெல்லாம் நீங்கள் கேட்கிற கேள்விக்கு எழுத்திலேயே பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, இன்னும் கார் வாங்கவில்லை. வாங்கும் உத்தேசமும் இல்லை. “வெளிநாட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் போகிறானாம்” என்று ஊரில் யாராவது இழுத்தால், இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள். அத்தைக்குப் படித்துக் காட்டும்போது மட்டும் நடுவில் சில பத்திகளைத் தாண்டிவிடுங்கள். எவை என்பது உங்களுக்கே தெரியும்.

விஷயம் இதுதான். இந்த ஊர் ஒரு நாட்டின் தலைநகரம். ஆனாலும் நகர எல்லைக்குள்ளேயே 600 ஹெக்டேர் அளவுக்குத் திராட்சை விளைகிறது. உங்கள் கணக்கில் சொன்னால் 1,500 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிடாதபடி சட்டம் காவல் இருக்கிறது. நம் பக்கத்தில் கலர் கல் ஊன்றுகிறவர்கள் இங்கே வந்தால் பட்டினிதான். போதாக்குறைக்கு மாநகராட்சியே சொந்தமாகத் தோட்டம் வைத்து ஒயின் தயாரித்து விற்கிறது. குப்பை அள்ளுவதும் குழாய்த் தண்ணீர் விடுவதும்போக இதுவும் அவர்கள் வேலை.

விளைவித்தவரே தன் வீட்டு முற்றத்தில் பெஞ்சு போட்டு, தன் ஒயினைத் தானே விற்கும் இடத்துக்கு ஹொய்ரிகர் என்று பெயர். இதற்கு அனுமதி கொடுத்தவர் இரண்டாம் ஜோசப் என்ற மன்னர். ஒரு ஜமீன்தார் தன் சரக்கைத் தவிர வேறெதையும் விற்கவிடவில்லை என்று கோரிசியா என்ற பகுதியின் குடியானவர்கள் முறையிட்டார்களாம். விளைவித்ததை அவரவர் இஷ்டப்பட்ட விலைக்கு அவரவரே விற்கலாம் என்று 1784இல் மன்னர் உத்தரவு போட்டார். இடையில் தரகரும் கிடையாது, கமிஷனும் கிடையாது. இந்த வரியை நீங்கள் இரண்டு முறை படிப்பீர்கள் என்று தெரியும்.

கடை வருஷம் முழுவதும் திறந்திருக்காது. குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு சில வாரங்கள் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார்கள். திறந்திருந்தால் வாசலில் ஒரு கம்பில் ஊசியிலைக் கொத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். நம்மூரில் வாசலில் வேப்பிலை தொங்கினால் உள்ளே அம்மை என்று ஒதுங்கிப் போவோம். இங்கே இலையைக் கண்டதும் ஊரே உள்ளே நுழைகிறது.

இனி காருக்கு வருகிறேன். இங்கே ஒரு லிட்டர் ரத்தத்தில் அரை கிராம் சாராயம் ஏறினாலே ஓட்டுநர் மாட்டிக்கொள்வார். ஆகவே காரில் வருகிற ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஆப்பிள் ஜூஸை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சிரிப்பதற்குக் காரணம் புரியாமல் உட்கார்ந்திருப்பார். கார் சாவி யாரிடம் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். நானோ பாக்கெட்டில் டிராம் பாஸோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். 2012இல் ஆண்டுப் பாஸை 365 யூரோவாகக் குறைத்தார்கள், நாளுக்கு ஒரு யூரோ. இப்போது ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய பிறகும் ஒரு காரின் இன்சூரன்ஸுக்குப் பக்கத்தில்கூட வராது.

எனக்கு வழி மூன்று இருக்கிறது. முதலாவது டி என்ற எழுத்துப் போட்ட டிராம். மத்திய ரயில் நிலையத்தில் ஏறினால் ஓபரா மாளிகை, பாராளுமன்றம், நகர மண்டபம் எல்லாவற்றையும் ஜன்னலில் காட்டிவிட்டு, கடைசியில் நுஸ்டார்ஃப் என்ற இடத்தில் திராட்சைச் சரிவின் அடியில் இறக்கிவிடும். இதே கட்டடங்களைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் மாடி பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்கிறார்கள். கடைசி நிறுத்தத்துக்கு பேத்தோவன் நடந்த பாதையின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்த இசைமேதை அங்குள்ள ஓடைக்கரையில்தான் உலாவுவாராம். அவரிடமும் கார் இல்லை.

இரண்டாவது, 31ஆம் நம்பர் டிராம். டான்யூப் ஆற்றைத் தாண்டி ஸ்டாம்மர்ஸ்டார்ஃப் வரை போகும். 38ஆம் நம்பர் போகிற கிரின்ட்சிங் பக்கம் சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டும், மேசைக்கு மேசை வயலின் வரும், வயலினுக்கும் சேர்த்து விலை வரும். ஆற்றைத் தாண்டிய ஸ்டாம்மர்ஸ்டார்ஃப் பக்கத்திலோ உள்ளூர்த் தாத்தாக்கள் மட்டும் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவதுதான் என் சொந்தச் சிபாரிசு. 38ஏ பஸ்ஸில் கேலன்பெர்க் குன்றின் உச்சிக்குப் போய்விட வேண்டும். உயரம் 484 மீட்டர். ஏறுவது பஸ்ஸின் பாடு, இறங்குவது நம் பாடு. 1683இல் துருக்கியர் இந்த நகரத்தை முற்றுகையிட்டபோது, போலந்து மன்னர் சோபியஸ்கியும் கூட்டுப்படைகளும் இந்தக் குன்றுகளிலிருந்து இறங்கித்தான் முற்றுகையை உடைத்தார்கள். நானும் அந்தச் சரிவில்தான் இறங்குகிறேன், நோக்கம் மட்டும் வேறு. வெயில் அடிக்கும் சனி ஞாயிறுகளில் தோட்டத்துக்கு நடுவிலேயே குடிசை போட்டு ஊற்றிக் கொடுப்பார்கள். கார் அங்கே வர முடியாது. நகரமே காலடியில் தெரிய, நடந்து வந்தவனுக்குத்தான் அங்கே இடம்.

சிக்கனத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. கால் லிட்டர் ஒயின் நாலைந்து யூரோ, நகர நடுவில் ஒரு காபி குடிக்கிற காசு. அதிலும் பாதி சோடா கலந்த ‘ஷ்ப்ரிட்ஸர்’ இன்னும் மலிவு. மாலை முழுக்க ஒன்றை வைத்துக்கொண்டே உட்காரலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். தண்ணீர் வாங்கவே கூடாது. ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர் 1873 முதல் இந்த ஊர்க் குழாயில் வருகிறது, வீட்டிலிருந்தே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்விடுவேன். பர்ஸைக் காலி செய்வது ஒயின் அல்ல, சாப்பாட்டு மேசை. கண்ணாடிக்குப் பின்னால் இறைச்சியும் சாலட்டும் அடுக்கியிருக்கும், எல்லாம் எடைக்கு விலை. ‘டெகா’ என்பார்கள், பத்துக் கிராம். சின்ன எண்ணாகக் காதில் விழும், பில்லில் பெரிய எண்ணாக வந்து நிற்கும். மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்த லிப்டவர் என்ற பாலாடைக்கட்டித் துவையலும் இரண்டு துண்டு ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும்.

இன்னும் சில சின்னக் கடைகளில், கேட்டால், வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவரவும் விடுகிறார்கள். இங்கே அதிகம் விளையும் குரூனர் வெல்ட்லீனர் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினில் மிளகு வாசம் அடிக்கும். நான் மிளகு வடை கொண்டுபோனேன். எதிரே இருந்த தாத்தா ஒன்று கேட்டு வாங்கினார். பிறகு அவர் மனைவியும் வாங்கினார். வடை தீர்ந்த பிறகுதான் என் பெயரைக் கேட்டார்கள்.

அத்தைக்குக் கட்டாயம் தாண்ட வேண்டிய பத்தி இதுதான். அறுவடைக் காலத்தில் மட்டும் ‘ஷ்டுர்ம்’ என்று ஒன்று விற்பார்கள். பாதி புளித்த திராட்சைச் சாறு. கலங்கலாக, இனிப்பும் புளிப்புமாக, நுரைத்துக்கொண்டே இருக்கும். இன்றைக்கு ஒரு ருசி, நாளைக்கு ஒரு ருசி. எதன் ஞாபகம் உங்களுக்கு வரும் என்று எனக்குத் தெரியும், நம் அரசாங்கத்துக்கும் தெரியும். பாட்டிலை இறுக மூடினால் வெடிக்கும் என்பதால் மூடியைத் தளர்வாகத்தான் வைத்திருப்பார்கள். டிராமில் கைக்குழந்தையை விடப் பத்திரமாக நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படுக்க வைத்தால் பக்கத்து சீட்டுக்காரர் குளித்துவிடுவார். இதை இடது கையால் குடிப்பதுதான் முறை என்று சில பெரியவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுத்ததற்கே சின்ன வயதில் உங்களிடம் குட்டு வாங்கியவன் நான். இருந்தாலும் ஊர் வழக்கத்தை மதிக்க வேண்டுமல்லவா?

கலப்படம் இருக்குமோ என்று சந்தேகப்படாதீர்கள். 1985இல் சில வியாபாரிகள் டை எத்திலீன் கிளைகால் என்ற ரசாயனத்தைக் கலந்து மாட்டிக்கொண்டார்கள். ஆஸ்திரிய ஒயினை உலகமே திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு சட்டம் மிகக் கடுமை.

ஸ்டாம்மர்ஸ்டார்ஃப் தோட்டக்காரர் ஒருவர் எனக்குச் சிநேகிதமாகிவிட்டார். உங்களைப் பற்றிச் சொன்னேன். பந்தலில் கொடி ஏற்றுவதைப் புரிந்துகொண்டார். கவாத்து வெட்டி நாலு மாதத்தில் பழம் எடுக்கிறோம், கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது அறுவடை நடக்கும் என்றேன். அதை நம்பவில்லை. பனியில் மொட்டையாக நிற்கிற கொடியைப் பார்த்தே வளர்ந்தவர், வருஷத்துக்கு ஒரு வெள்ளாமைதான் அவருக்குத் தெரியும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னதும் எழுந்து கை கொடுத்தார். இவர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. ஒரே தோட்டத்தில் குறைந்தது மூன்று ரகங்களைக் கலந்து நட்டு, ஒன்றாகப் பறித்து, ஒன்றாகப் புளிக்கவைக்கும் ஒயின். அதற்கு 2013இல் அரசு முத்திரை கிடைத்தது.

பிறகு, “உங்கள் மாமாவுக்குக் கிலோவுக்கு என்ன விலை கிடைக்கிறது?” என்று கேட்டார். போன தடவை நீங்கள் சொன்ன விலையை யூரோவாக்கிச் சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். ஒன்றும் பேசாமல் என் கிளாஸை நிரப்பினார், காசும் வாங்கவில்லை.

ஆகவே மாமா, வியாபாரி விலையை இன்னும் இறக்கினால் மனதைப் போட்டுக் குழப்பாமல் உடனே எனக்குத் தகவல் சொல்லுங்கள். உங்கள் நஷ்டத்தில் ஒரு பங்கையாவது இங்கே வசூலித்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்