அப்பத்தா ரேடியோவில் என் குரல்

2001-ல் வத்தலக்குண்டில் என் ஒலிபரப்பு நிலையம் ஒரு சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு கண்டன்சர் மைக், திருகி அளவு மாற்றும் ஒரு ட்ரிம்மர் கெப்பாசிட்டர், நாலைந்து ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், 9 வோல்ட் பேட்டரி. டப்பாவின் ஓட்டை வழியாக முக்கால் மீட்டர் வயர் வெளியே நீண்டிருக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர், அதில் கால் பங்குதான் ஏரியல் என்று சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் ரேடியோ பழுது பார்த்த அண்ணன்.

அதில் மற்ற எல்லாம் கடைச் சரக்கு, காயில் மட்டும் என் கை வேலை. மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் கம்பித் துண்டு கேட்டு வாங்கி, பென்சிலில் ஐந்து சுற்றுச் சுற்றி, பென்சிலை உருவிவிட்டு, முனைகளை பிளேடால் சுரண்டிப் பற்றவைப்பேன். சுற்றுகளை விரல்நகத்தால் கொஞ்சம் விலக்கினால் அலைவெண் ஏறும், நெருக்கினால் இறங்கும். ட்ரிம்மரைத் திருக இரும்பு ஸ்க்ரூடிரைவர் ஆகாது, கிட்டே போனாலே எல்லாம் மாறிவிடும். அதற்கென்றே ஒரு மூங்கில் குச்சியைச் சீவி வைத்திருந்தேன். காயில் அதிராமல் இருக்க மேலே மெழுகு உருக்கி ஊற்றுவேன்.

நேயர் ஒருவர்தான்: அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என் அப்பத்தா. கையில் ரேடியோவைக் கொடுத்துவிட்டு நான் மாடிக்கு ஓடுவேன். "ஹலோ, அப்பத்தா, கேக்குதா?" கேட்கும். ஒரு நிமிடம் கேட்கும். பிறகு கீழிருந்து அவர் குரல் வரும்.

"டேய், நீ போயிட்டடா. பாட்டு வந்துருச்சு."

பாட்டு கோடைப் பண்பலையுடையது. 100.5-ல் கொடைக்கானல் மலை மேலிருந்து வருவது, மலையடியில் இருந்த எங்கள் ஊரில் கணீரென்று கேட்கும். நான் அதற்குச் சற்று மேலே ஓர் ஓரத்தில் இடம் பிடித்துப் பேச ஆரம்பிப்பேன், அப்பத்தா ரேடியோ முள்ளைத் திருகிப் பின்தொடர, நழுவி நழுவி அங்கே போய் விழுவேன். பண்பலையில் இரண்டு நிலையங்கள் ஒரே இடத்தில் மோதினால் கலந்து கேட்காது, வலுத்தது மட்டுமே கேட்கும். அப்பத்தாவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு அழுகை வரும்.

அந்த ஒரு வருடம் முழுக்க நான் போராடியது இந்த நழுவலோடுதான். பேட்டரி இறங்கினால் நழுவும். வெயில் ஏறினால் நழுவும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் உடனே நழுவும். காரணம் பின்னால்தான் புரிந்தது. என் காயிலின் அளவு ஏறக்குறைய 0.1 மைக்ரோஹென்றி. அதோடு 25 பிக்கோஃபாரட் சேர்ந்தால் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வந்து நிற்கும். அந்த 25, 26 ஆனால் போதும், 2 மெகாஹெர்ட்ஸ் கீழே போய்விடும். மனித உடம்பே ஒரு கெப்பாசிட்டர்தான். சர்க்யூட்டைத் தொட்டுக்கொண்டிருந்த நானும் அந்த சர்க்யூட்டின் ஒரு பாகமாக இருந்திருக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது தெரிந்துகொண்ட இன்னொன்று என்னை உலுக்கிவிட்டது. அந்த ஒற்றை டிரான்சிஸ்டருக்குள் குரல் எப்படி ஏறியது? மைக்கிலிருந்து வரும் சிறு மின்னழுத்தம் டிரான்சிஸ்டரின் பேஸில் போய்ச் சேர்கிறது. அங்கே அழுத்தம் மாற மாற, டிரான்சிஸ்டருக்குள்ளே இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் மாறுகிறது. அது மாறினால் அலைவெண் நழுவுகிறது. பேட்டரி இறங்கும்போது எது நடந்ததோ, அதே காரியம். மெதுவாக நடந்தால் நிலையம் தொலைந்துபோகும், குரலின் வேகத்தில் நடந்தால் அதற்குப் பேர் பண்பலை. எதை ஒழிக்க ஒரு வருடம் மெழுகு ஊற்றினேனோ, அதன் முதுகில்தான் என் "ஹலோ" அப்பத்தாவிடம் போயிருக்கிறது.

இதை நினைக்கும்போதெல்லாம் பண்பலையைக் கண்டுபிடித்த எட்வின் ஆம்ஸ்ட்ராங் நினைவுக்கு வருவார். அலைவெண்ணை ஆட்டிவைப்பதால் லாபமில்லை என்று 1922-ல் பொறியாளர் ஜான் கார்சன் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். ஆம்ஸ்ட்ராங் அதை இன்னும் அகலமாக ஆடவிட்டார், இரைச்சல் அடங்கிப்போயிற்று. 1933-ல் காப்புரிமை கிடைத்தது. 1945-ல் அமெரிக்க அரசு பண்பலையை 88–108-க்கு மாற்றியதில் அதுவரை விற்ற பண்பலை ரேடியோக்கள் எல்லாம் வீணாயின. காப்புரிமை வழக்குகளில் நொந்து 1954-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மரியன் விடாமல் நடத்திய வழக்குகள் 1967 வரை போய் வெற்றியில் முடிந்தன.

நான் செய்தது குற்றம் என்பது அன்று எனக்குத் தெரியாது. 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது என்றன. பீகாரின் மன்சூர்பூர் கிராமத்தில் ராகவ் மகதோ 50 ரூபாய்ச் செலவில் கருவி செய்து ஊருக்கே பாட்டும் செய்தியும் கொடுத்தார், 2006-ல் அதை மூடிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சட்டத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. 108-க்கு மேலே விமானங்களின் வழிகாட்டி அலைகள் தொடங்குகின்றன. என் டப்பா போல நழுவும் கருவி எதுவரை நழுவும் என்று செய்தவனுக்கே தெரியாது. ராகவ் போன்றவர்களுக்கு நேரான வாசல் வேண்டும். 2004-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் சமுதாய வானொலி தொடங்கியதும், 2006-ன் கடைசியில் தொண்டு நிறுவனங்களுக்கும் அந்த அனுமதி விரிந்ததும் அப்படிப்பட்ட வாசல்கள். தனி ஆளுக்கு அது இன்றும் திறக்கவில்லை.

இப்போது என் அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவர்கள் காரில் சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. போனில் ஓடும் பாட்டை வாங்கி 87.5-லோ வேறெங்கோ கார் ரேடியோவுக்கு அனுப்பும். எண்ணை அழுத்தினால் அந்த எண்ணில் நிற்கும். உள்ளே குவார்ட்ஸ் படிகம் காவல் இருக்கிறது, கை வைத்தாலும் அசையாது. பாட்டு சுத்தமாக வருகிறது, அதில் குறையே இல்லை. "இது எப்படி சித்தப்பா வேலை செய்யுது?" என்று அவள் கேட்டதும் திறந்து பார்த்தோம். விரல்நுனி அளவு கறுப்புச் சில்லு. காட்டுவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.

பரணிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்தேன். அலை வீட்டைத் தாண்டாமல் இருக்க ஏரியலைக் கத்தரித்தேன். அப்பத்தாவின் ரேடியோவை ஒரு ஜாண் தள்ளி மேசையில் வைத்து, பழைய மூங்கில் குச்சியால் ட்ரிம்மரை மெல்லத் திருகினேன். கரகரப்பு சட்டென்று அடங்கி அமைதியானது.

"ஒரே ஒரு நிமிஷம்தான்" என்றேன். "கையைக் கொண்டுபோ."

காயிலுக்கு மேலே உள்ளங்கையைக் கொண்டுபோனாள். ரேடியோ இரைந்தது. கையை எடுத்தாள், அடங்கியது. மறுபடி கொண்டுபோனாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள்.