இன்னும் ஒரு கால் சுற்று

பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களைத் திருவானைக்காவலில் இரண்டு வகையாகப் பிரிக்கலாம். கோயில் பக்கம் திரும்பியவர்கள் ஒரு வகை. கார் பானட்டைத் திறந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றி எழுத ஆன்மிகப் பத்திரிகைகள் இருக்கின்றன. இரண்டாவது வகைக்கு நாதியில்லை.

இவரை மாமா என்றே சொல்லிவிடுகிறேன். உள்வீதிகளில் இப்படி நாலைந்து மாமாக்கள் இருப்பதால், படித்துவிட்டு ஒவ்வொருவரும் அடுத்தவரை நினைத்துச் சிரித்துக்கொள்ளலாம்.

மாமாவிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருக்கிறது. அது ஒழுகுகிறது. ஒழுகத்தான் செய்யும். இங்கிலாந்தில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்று பிறந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தர்பாராவில் பெயர் மாற்றிக்கொண்ட வண்டி அது. அதன் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில், கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கமாக வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே மரை மாதிரி வெட்டி விட்டிருப்பார்கள். தண்டு சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும். எஞ்சின் நின்றால் மரையும் நின்றுவிடும். அப்புறம் ஆயிலின் மனசாட்சிதான்.

மற்றவர்கள் இதைத் தெரிந்துகொண்டு அடியில் ஒரு தகரத்தை வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். மாமாவால் முடியாது. 1965-இல் திருவெறும்பூரில் வந்த பெல் தொழிற்சாலை செய்வது உயர் அழுத்தக் கொதிகலன்கள். கொதிகலனில் தண்ணீரை நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். எங்காவது முத்து கட்டினால் அந்தப் பற்றவைப்பு தேறாது. பணிக்காலம் முழுக்க அந்த முத்துக்களைத் தேடியே கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவர், தன் வீட்டு வாசலில் ஆயில் முத்துக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பாரா?

விடியற்காலையில் மாமி வாசலில் புள்ளி வைக்க வருவார். பக்கத்தில், ராத்திரி முழுக்க வண்டி வைத்த புள்ளிகள் இருக்கும். மாமா அதற்கென்று அட்டைப்பெட்டியைப் பிரித்து அடியில் விரித்திருப்பார். அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிப்பது அவருக்கு இந்து பேப்பருக்கு முந்தைய வாசிப்பு. சொட்டைத் தொடுவார், இரண்டு விரலுக்கு நடுவில் தேய்ப்பார், முகர்வார். தேன் நிறம் என்றால் புது ஆயில். கறுப்பு என்றால் கரி சேர்ந்த பழசு. மூக்கைச் சுளிக்க வைத்தால் கியர் ஆயில். பச்சையாக, வழவழவென்று இருந்தால் ரேடியேட்டர். 1888-இல் சர் சி. வி. ராமன் பிறந்த ஊர் இது. கப்பலில் போகும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று யோசித்தார் அவர். ஆயில் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று மாமா யோசிக்கிறார். இவருக்கு நோபல் கிடைக்காததற்குக் காரணம், பதிலை எல்லாருக்கும் உடனே சொல்லிவிடுவதுதான்.

நோய் கண்டறிவதில் மாமாவைக் குறை சொல்ல முடியாது. சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு என்று அவருக்குத் தெரியும். மேலே டேப்பட் கவரில் கசிந்த ஆயில் எஞ்சினின் பக்கவாட்டில் இறங்கி, ஓடும்போது காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, அடியில் இருக்கும் சம்ப் மூலையில் வந்து சொட்டும். சம்ப்பைக் குற்றவாளியாக்குவது கற்றுக்குட்டிகள் வேலை. மாமா மண்ணெண்ணெயில் எஞ்சினைத் துடைத்து, பனியன் வேஸ்ட்டால் ஈரம் போக ஒற்றியெடுத்து, மேலே பவுடர் தூவி, கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்ப்பார். ஈரம் எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே கோடு விழும். உயரமான கோடுதான் கசிவின் வாசல். பேத்தியின் பவுடர் தீர்ந்த ஒரு நாள் பூஜை அலமாரியிலிருந்து திருநீற்றுப் பையை எடுத்து வந்துவிட்டார். மாமி அதிர்ந்தார். மாமா அசரவில்லை. கோயில் மதிலை எழுப்பியவர்களுக்குச் சித்தராக வந்த சிவபெருமான் திருநீற்றைத்தான் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாயிற்று என்பது தலபுராணம். "இஞ்சின்ல பூசினா தப்பா?" என்றார். அவர் உழைப்புக்கு அது எதுவாகவும் மாறவில்லை. ஆயிலில் குழைந்தது.

ஒழுகுவது டேப்பட் கவர் பேக்கிங்தான் என்று தெரிந்துவிட்டது. கார்க் பேக்கிங். பாலக்கரைக்குப் போய்ப் புதிது வாங்கினார். பழைய பேக்கிங்கைச் சுரண்டி, இரண்டு முகத்தையும் பளபளவென்று துடைத்தார். இதுவரை எல்லாம் பாடப்புத்தகம். அதன் பிறகுதான் கையில் அனாபாண்ட் ட்யூப் வந்தது. மெல்லிய பூச்சு போதும். அதிகமானால் உள்ளே பிதுங்கும் பசை பிய்ந்துபோய் ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைக்கும். மாமாவோ பிறந்தநாள் கேக்குக்கு க்ரீம் வைப்பதுபோல் வைத்தார். அதற்கு மேல் ஸ்பேனர். வண்டி அங்குலக் கணக்கு, வீட்டில் இருப்பது மில்லிமீட்டர் செட். அரை அங்குல நட்டில் 13-ஆம் நம்பர் ஏறக்குறைய உட்காரும். அந்த ஏறக்குறையவை மாமா பலத்தால் ஈடுகட்டுவார்.

"இன்னும் ஒரு கால் சுத்து வாங்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தச் சித்திரத்தை எழுதுகிறேன். கொதிகலனில் வாங்கும். கார்க்கில் வாங்காது. அதை மெதுவாகப் பிடித்தால் ஆயிலைத் தடுக்கும், நசுக்கினால் ஓரத்தில் பிதுங்கி வெடித்துவிடும். மேலே இருக்கும் மெல்லிய தகர மூடியும் வளைந்துகொடுக்கும். கை வலிக்க இறுக்கியவர் வண்டி அதிகம் ஒழுகும், பயந்து பயந்து இறுக்கியவர் வண்டி குறைவாக ஒழுகும். உழைப்புக்கேற்ற கூலி என்னும் தலபுராணத்தை மீறும் ஒரே பொருள் கார்க் பேக்கிங்.

பகலில் மாமாவைப் பார்க்க வேண்டுமானால் வண்டிக்கு அடியிலிருந்து நீளும் கால்களைத்தான் பார்க்கலாம். தெருவில் போகிறவர்கள் அந்தக் கால்களிடமே பேசுவார்கள். உச்சிக்காலத்துக்குள் மூடிவிடுவதாகக் கால்கள் வாக்குக் கொடுக்கும். அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே சுவாமி சன்னதிக்குப் போய்ப் பூஜை முடித்துத் திரும்பியும் பானட் திறந்தேதான் இருக்கும். ஒருநாள் கோயில் வகை மாமா ஒருவர் குனிந்து, "ஏன் ஓய் அலட்டிக்கறீர்? அப்பு ஸ்தலம். கர்ப்பக்கிரகத்துலயே ஜலம் ஊறிண்டுதானே இருக்கு?" என்றார்.

அடியிலிருந்து பதில் வந்தது: "அங்கே தத்துவம். இங்கே பேக்கிங்."

கடைசியில் டிரங்க் ரோட்டு ஒர்க்‌ஷாப் பையன் வேறு வேலையாக அந்த வழியே வந்தான். ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாயை உருவி, "ஊதுங்க சார்" என்றான். மாமா ஊதினார். கன்னம்தான் உப்பியது. ஒரு கம்பியை விட்டுக் குடைந்தான். உள்ளேயிருந்து கருங்களி வந்தது. வயசான எஞ்சினில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிப் புகை கீழே இறங்கும். அது வெளியேறும் மூக்கு அந்தக் குழாய். மூக்கு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த பேக்கிங் இளப்பமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளிவிடும். அழுத்தத்தோடே வாழ்ந்த மனிதர், அழுத்தத்தைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"புது பேக்கிங் போட்டு, கையால இறுக்கி, அதுக்கு மேல கொஞ்சம் போதும் சார்."

"அதைத்தான் நானும் சொல்லிண்டிருந்தேன். இவகிட்ட கேளு!"

உள்ளேயிருந்து மாமி, "எங்கிட்ட அவர் குக்கர் காஸ்கெட்டைப் பத்தி மட்டுந்தான் சொன்னார்," என்றார். பையன் காசு வாங்கவில்லை. காபி குடித்துவிட்டு, குக்கரையும் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை அட்டையில் ஒரே ஒரு சொட்டு. பின்பக்க மரை வைத்தது, அதை உத்தர்பாராவிலும் நிறுத்தியதில்லை. மாமாவுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒழுகவில்லை என்றால் உள்ளே ஆயிலே இல்லையோ என்று டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். மேல்கோடு வரை இருந்தது. துடைத்து விட்டு, மறுபடி உருவிப் பார்த்தார். அட்டையை மடித்தார். பிரித்தார். பத்து மணிக்குள் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்து முடித்துவிட்டார்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் புதுக் காரின் அடியில், சிமெண்டுத் தரையில் கையகலத்துக்கு ஈரம் தெரிந்தது. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து காலிங் பெல்லை அழுத்தினார்.

"சார், உங்க வண்டி ஒழுகறது."

"அது ஏ.சி. தண்ணி மாமா. இப்பதான் ஏர்போர்ட்லேர்ந்து வந்தேன். எல்லா வண்டியிலயும் வரும்."

மாமா உட்கார்ந்து, தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து, முகர்ந்தார்.

"தண்ணிதான்," என்று ஒப்புக்கொண்டார். "பானட்டைத் திறங்கோ."