பரோட்டாவின் பூர்வீகம்

குமணன்சாவடி முனையில் சாயங்காலம் நின்றால் ஒரு குடும்பமே தெருவுக்கு வந்திருப்பதைப் பார்க்கலாம். கல்லில் பரோட்டா, வண்டியில் இட்லி, மெஷினில் நசுங்கும் கரும்பு, கரியில் வாட்டும் மக்காச்சோளம், காலையில் விற்று மிஞ்சிய கேழ்வரகுக் கூழ். எல்லாமே புல். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். சுவரில் சாய்த்திருக்கிற மூங்கில் ஏணிகூடச் சொந்தம்தான்.

பாட்டி டைனோசர் காலத்து மனுஷி. மகாராஷ்டிராவில் பிஸ்துரா என்ற ஊரில் கல்லாகிப்போன டைனோசர் சாணத்தைக் கிளறியபோது உள்ளே புல்லின் சிலிகாத் துகள் இருந்தது. 2005இல் உலகத்துக்கே சொன்னார்கள். மாட்டுக்கு முன்னாலேயே மேய ஆள் இருந்திருக்கிறது. அந்தப் பாட்டி கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் தன் ஜீனோம் மொத்தத்தையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டாள். பேரப்பிள்ளைகளின் பங்குச் சண்டை அங்கேதான் ஆரம்பம்.

நெல் சமத்துப் பிள்ளை. பங்கில் வேண்டாததையெல்லாம் அவ்வப்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு, சுமார் 40 கோடி டி.என்.ஏ. எழுத்தோடு குடித்தனம் நடத்துகிறது. மக்காச்சோளம் அப்படியில்லை. அதன் வீட்டுக்குள் தாவும் மரபணுக்கள் விருந்தாளியாக நுழைந்து, தங்களையே ஜெராக்ஸ் போட்டு, திண்ணை முதல் பரண் வரை நிரப்பிவிட்டன. 230 கோடி எழுத்தில் முக்கால்வாசிக்கும் மேல் இந்தக் கும்பல்தான். உருப்படியாக வேலை பார்க்கும் மரபணுவை எண்ணினால் நெல்லுக்கும் மக்காச்சோளத்துக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. இந்த விருந்தாளிகளை முதலில் பிடித்தவர் பார்பரா மெக்ளின்டாக், 1940களில், மக்காச்சோள மணியின் நிறத்தைப் பார்த்தே. அந்தம்மா சொன்னதை நம்ப ஊர் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. நோபல் பரிசு 1983இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 81.

கோதுமை விஷயம் கல்யாண விஷயம். இரண்டு காட்டுப்புல் கூடி ஒன்றாயின. பிறகு சுமார் 10,000 வருஷத்துக்கு முன், விவசாயி வயலிலேயே, மூன்றாவதாக ஒரு களைப்புல் வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று வீட்டுப் பாத்திரமும் ஒரே சமையலறையில். 1600 கோடி எழுத்து, மனுஷனைப்போல் ஐந்து மடங்கு! பரோட்டாவைப் பிய்த்துப்போடும்போது கொஞ்சம் மரியாதை காட்டலாம் என்று தோன்றும், சால்னா வரும்வரை.

கரும்புக் கதை நம்ம கோயம்புத்தூர் கதை. 1912இல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் திறந்து பார்பர் துரை உட்கார்ந்தார், கூட டி.எஸ். வெங்கட்ராமன். சாறு நிறைந்த செல்லக் கரும்புக்கு வட இந்தியக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆற்றோரம் கிடந்த முரட்டு நாணலை மாப்பிள்ளையாகப் பிடித்தார்கள். பெண் வீட்டில் 80 குரோமோசோம், மாப்பிள்ளை வீட்டில் 64. ஆளுக்குப் பாதி போட்டால் 40உம் 32உம் சேர்ந்து 72 வரவேண்டும். பிள்ளைக்கு இருந்ததோ 112! அம்மா பாதி கொடுக்கவில்லை, 80ஐயும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாள். வாளை நீட்டித் தலையையே எடுத்துக்கொள் என்ற வள்ளல் குமணன் பெயரை ஞாபகப்படுத்துகிற ஊரில் நின்று இதைச் சொல்வது பொருத்தம்தான். அந்தப் பிள்ளைக்கு கோ 205 என்று பெயர் வைத்து 1918இல் வடக்கே அனுப்பினார்கள். இன்றைய கரும்பு 1000 கோடி எழுத்தோடு, நூற்றுச் சொச்சம் குரோமோசோமோடு, எந்த ஜாதகத்துக்கும் அடங்காமல் நிற்கிறது.

1934இல் அந்தக் கோயம்புத்தூர் நிலையத்துக்கு வந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனார். கரும்பை மக்காச்சோளத்தோடு கட்டிவைத்தார், கரும்புக்கும் மூங்கிலுக்கும் பிறந்த பிள்ளைகளின் குரோமோசோமையும் எண்ணிப்பார்த்தார். யாராவது கேட்டால், வெளியே வைரம் பாய்ந்ததெல்லாம் புல்தான் என்று தொல்காப்பியரே எழுதிவைத்திருக்கிறார், சம்பந்தம் பேசத் தடையில்லை என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு அந்தச் சால்ஜாப்பு தேவைப்படவில்லை.

ஜூஸ்காரர் அதே கரும்பை நாலாவது தடவையாக மடித்து மெஷினுக்குள் விட்டார்.

“இன்னும் என்னண்ணே இருக்கு அதுல?”

“சக்கைதான் சார். ஐஸ் போடவா?”