தணிக்கைத் தடை

எங்கள் குரோம்பேட்டை வீதியில் மடிக்கணினி வாங்க உத்தேசித்த எவரும், கடைக்குப் போவதற்கு முன்னால் எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய் வருவது என்பது பல வருஷங்களாக ஒரு சம்பிரதாயமாகவே இருந்து வந்தது. திண்ணை என்று பழக்க தோஷத்தால் சொல்லிவிட்டேன். உண்மையில் அது கம்பிக் கதவு போட்ட ஒரு வராந்தா. அதில் ஒரு பிரம்பு நாற்காலி. அந்த நாற்காலியில், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் முப்பத்துமூன்று வருஷம் உத்தியோகம் பார்த்து, எத்தனையோ பஞ்சாயத்துகளின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டி, தெருவிளக்குக்கு வாங்கிய நூறு பல்புகளில் ஒன்று எங்கே போயிற்று என்று கேட்டுக் கேட்டு அநேக நிர்வாக அதிகாரிகளின் நித்திரையைக் கெடுத்து, பிறகு பென்ஷனுடன் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். வீதியில் எல்லோருக்கும் அவர் 'ஆடிட்டர் சார்'.

இவரைப் போன்ற ஒருவர் உங்கள் வீதியிலும் இருக்கக்கூடும். அவர் ஆராய்கிற வஸ்து காராக இருக்கலாம், காமிராவாக இருக்கலாம், கிரைண்டராகவும் இருக்கலாம். வஸ்து எதுவானாலும் சுபாவம் ஒன்றுதான்: தாம் வாங்கப்போவதில்லை என்பதால் யாதொரு தாட்சண்யமும் இல்லாமல் பேசக்கூடிய சுதந்திரம் அவருக்கு உண்டு. எங்கள் ஆடிட்டர் சாருக்கு வாய்த்தது, லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட மடிக்கணினி. அதற்குக் குறைந்த விலையுள்ளவற்றைப் பற்றி அவர் பிரஸ்தாபிப்பதே இல்லை, "அதெல்லாம் கிராம ஊராட்சி, சார். நான் பார்க்கிறது மாநகராட்சி மட்டும்" என்பார்.

இதற்கென்று அவர் ஒரு நீளமான பேரேடு வைத்திருந்தார். இடப்பக்கம் 'குணம்', வலப்பக்கம் 'தடை'. தணிக்கையில் ஆட்சேபத்துக்குத் 'தடை' என்று பெயர்; தடை எழுப்புவதும், பதில் திருப்தியாக இருந்தால் தடையை நீக்குவதும் அந்த இலாகாவின் நித்திய கர்மங்கள். பேரேட்டின் இடப்பக்கம் காலியாகவே இருக்கும். வலப்பக்கமோ, இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, அடுத்த பக்கத்துக்குத் தாவி, சில சமயம் ஒட்டுக் காகிதத்திலும் தொடரும்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்று ஒரு சாதாரண ஆபீஸ் உறைக்குள்ளிருந்து மாக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்ட, சபை கைதட்டி ஆர்ப்பரித்ததல்லவா? ஆடிட்டர் சார் அப்போது சர்வீஸில் இருந்தார். மறுநாள் படத்தைப் பார்த்தவர், "உறை சரி. சி.டி.யை எங்கே போடறது?" என்று கேட்டாராம். அதில் சி.டி. போட இடமில்லை என்பதும், யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்றுதான் என்பதும் உண்மையே. அதுவே பேரேட்டின் முதல் தடை.

2015-இல் டெல் கம்பெனியார் எக்ஸ்பிஎஸ் 13 என்ற இயந்திரத்தில் திரையைச் சுற்றியிருந்த விளிம்பை நூலிழையாகச் சுருக்கியபோது, மேல் விளிம்பில் இடம் இல்லாமல் போன காமிராவைத் திரைக்குக் கீழே இறக்கினார்கள். இதன் பலனாக, எதிர்முனையில் பேசுகிறவருக்கு நம் முகத்துக்கு முன்பாக நம் மூக்கின் இரண்டு துவாரங்களும் தரிசனம் தந்தன. 2019-இல்தான் காமிரா மறுபடி மேலே ஏறியது. "நாலு வருஷம், சார்! ஒரு காமிராவை அரை அடி மேலே ஏத்த நாலு வருஷம்! நம்ம பஞ்சாயத்துக்காரன் தண்ணித் தொட்டியையே மூணு வருஷத்துல ஏத்திடுவான்" என்று அவர் சொன்னபோது, அந்தக் குரலில் கோபத்தைவிட ஆனந்தமே மிகுதியாக இருந்தது.

அதே 2015-இல் ஆப்பிள் கம்பெனியார் விசைகளின் உயரத்தைக் குறைக்கப் பட்டாம்பூச்சி அமைப்பு என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். ஒரு துணுக்குத் தூசி உள்ளே போனால் போதும், ஓர் எழுத்து விழாமலே போகும், அல்லது இரண்டு முறை விழும். 2018-இல் இலவசமாகப் பழுது பார்த்துத் தருவதாக அறிவித்து, 2019 இறுதியில் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பினார்கள். இதைப் பற்றி ஆடிட்டர் சார் எழுதிய தடை இரண்டு வார்த்தைதான்: 'முறுக்கு தின்னலாகாது.'

திங்க்பேடிடம் மட்டும் அவருக்கு ஓர் அந்தரங்கமான பிரியம் உண்டு. 1992-இல் ஐபிஎம் பெற்றெடுத்து, 2005-இல் லெனோவோவுக்குத் தத்துப் போன அந்தக் கறுப்புப் பெட்டியின் வடிவத்துக்கு ஜப்பானியர் மதியச் சாப்பாடு எடுத்துப் போகும் டப்பாதான் முன்மாதிரி என்று தெரிந்ததும், "அதான் பார்த்தேன், நம்ம ஆபீஸ் டிபன் பாக்ஸ் மாதிரியே லட்சணமா இருக்கு" என்று உருகினார். விசைகளைத் தடவிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆனாலும் விட்டாரா? விசைப்பலகையின் நடுவே இருக்கிற அந்தச் சிவப்புக் குமிழைச் சுட்டிக்காட்டி, "பொட்டு எதுக்கு, சார்?" என்று ஒரு தடை.

இவையெல்லாம் தனித்தனி இயந்திரங்களின் மேல் எழுப்பிய தடைகள். உயர்ந்த விலை மடிக்கணினி என்ற வர்க்கத்தின் மேலேயே எழுப்பிய பொதுத் தடைகள் மூன்று. ஒன்று, நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், பிற்பாடு கூட்ட முடியாது, "மாடி எடுக்க அஸ்திவாரம் இல்லாத வீடு." இரண்டு, துளைகளைக் குறைத்துவிடுகிறார்கள், "அரண்மனை கட்டி, வாசல் ஒண்ணே ஒண்ணு." மூன்று, விசிறியே இல்லாமல் செய்கிறார்கள்; "மெட்ராஸ் மே மாசத்தைக் கண்ணால பார்த்தவன் செய்கிற காரியமா இது?"

மாதம் ஒரு முறை மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்கும், பிறகு குளிர்சாதனம் போட்ட பெரிய கடைகளுக்கும் போய்வருவார். அங்கே ஒற்றை விரலால் மூடியைத் தூக்கி, அடிப்பாகம் மேஜையை விட்டு எழும்புகிறதா என்று பார்ப்பது அவருடைய பிரசித்தி பெற்ற பரீட்சை. எழும்பினால் கீல் சரியில்லை. எழும்பாவிட்டால், "அடி கனம்." இவர் படியேறுவதைக் கண்டதும் விற்பனைப் பையன்களுக்குத் திடீரென்று டிபன் வேளை வந்துவிடும். இத்தனைக்கும் வீட்டில் அவர் உபயோகித்தது, பாட்டரி அடியோடு செத்து, மின்சாரம் போனால் தானும் கூடவே போகிற ஒரு புராதன இயந்திரம்.

அது சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு ஒரேயடியாகக் கண்ணை மூடிற்று. ஆடிட்டர் சார் கடைக்குப் போனார். அன்றைக்கு அங்கே இருந்த பையன் புதியவன். இவருடைய கீர்த்தி அவன் காதுக்கு எட்டியிருக்கவில்லை. குணங்களை விஸ்தரித்திருந்தால் இவர் தடைகளை அடுக்கிவிட்டுத் திரும்பியிருப்பார். அவனோ ஒன்றுமே பேசாமல், மூடிய இயந்திரத்தை இவர் கையில் கொடுத்துவிட்டு வேறு யாரையோ கவனிக்கப் போய்விட்டான். இரண்டு தேங்காய் எடைதான் இருக்கும். பட்டுப் போன்ற உலோகம். கடையின் குளிரில் ஜில்லென்றிருந்தது. அரைமணி நேரத்தில், முதிர்ந்திருந்த டிபாசிட் ஒன்றிலிருந்து ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கைமாறிவிட்டது. கம்பெனியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

மறுநாள் நான் போனபோது, தம் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் இடப்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்.

"துளை ரெண்டுதான் போலிருக்கே?" என்றேன்.

"பத்து வாசல் வச்சா தூசியும் வரும், திருடனும் வருவான், சார். கோயிலுக்குக்கூட சந்நிதி ஒண்ணுதானே?"

நினைவகத்தைப் பற்றிக் கேட்டேன். செயலிக்கு வெகு சமீபத்தில் நினைவகத்தைப் பதித்தால் செய்தி கடக்கும் தூரம் குறைவு, மின்சாரச் செலவு மிச்சம், வேகம் அதிகம் என்று சாஸ்திரோக்தமாக விளக்கினார். அதில் பிழை ஒன்றும் இல்லை. பத்து வருஷம் அவர் அதை விளக்காமல் இருந்தார், அவ்வளவே. "வீட்ல நாங்க ரெண்டே பேர். மாடி எதுக்கு?" என்று முடித்தார்.

"விசிறி?"

"நிசப்தம், சார்! கச்சேரி கேட்டா தம்புரா சுருதி தனியா கேக்குது. சூடு ஏறினா தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். மே மாசத்துல நீங்களும் நானும் வேற என்ன பண்றோம்?"

தேய்மானக் கணக்கும் போட்டு வைத்திருந்தார். பத்து வருஷ ஆயுஷுக்குத் தினம் நாற்பது ரூபாய்க்கும் குறைவு. ஓட்டலில் ஒரு காப்பி. அயலார் வாங்கிய இயந்திரங்களுக்கெல்லாம் நாலு வருஷத்துக்கு மேல் ஆயுள் கொடுக்க மறுத்தவர் இவர். அந்த நாலு வருஷத்தை இதற்கும் போட்டால் தினம் நூறு ரூபாயைத் தொடும் என்பது எனக்குத் தெரியாததல்ல; ஆனால் நானும் ஒரு காலத்தில் ஒரு ஸ்கூட்டர் வாங்கி, அது மழையில் கிளம்ப மறுப்பதை என் தேக ஆரோக்கியத்தின் மேல் அதற்குள்ள அக்கறை என்று வியாக்கியானம் செய்தவன். ஆகையால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சங்கடம் மட்டும் உண்டாயிற்று. மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கையில் அந்த உலோக உடம்பில் கை வைத்தால், எறும்பு ஊர்வது போலச் சுர்ரென்றது. "ரத்த ஓட்டத்துக்கு நல்லது" என்றார் ஆடிட்டர் சார். அவர் மனைவியோ ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் மேஜையைத் துடைப்பேன் என்று விரதம் பூண்டுவிட்டார். கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தான். இரண்டு கால் பிளக்கில் எர்த் கிடையாது, சார்ஜரில் கசிகிற அற்ப மின்சாரம் போக வழியின்றி உடம்பில் நிற்கிறது, ஆபத்தில்லை என்றான். மூன்று கால் வயரைக் கோத்தும் சுர்ரென்பது நிற்காமல் போகவே, சுவிட்ச் போர்டைக் கழற்றினான். அந்த வீட்டில் எர்த் கம்பி எங்கும் இணைக்கப்படவே இல்லை. வீடு கட்டியது ஆடிட்டர் சாருடைய நேர்ப் பார்வையில்.

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் திரையில் பென்ஷனர் சங்கத்துத் தீர்மானத்தைக் காட்டினார். அவருக்குக் கண் புரை எடுத்து இரண்டு வருஷமாகிறது. பழைய இயந்திரத்தில் 'ன'வா 'ண'வா என்று சுழியை எண்ணிப் பார்க்க மூக்கைத் திரையில் தேய்க்க வேண்டியிருந்தது. இதிலோ மூன்று சுழியும் தனித்தனியே, நல்ல அச்சகத்தில் அடித்த புஸ்தகம் போல, புள்ளி புள்ளியாக, கொம்பு கொம்பாக நின்றன. ஒன்றும் பேசாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சினிமாப் படத்தையே வெட்டி ஒட்டக்கூடிய வல்லமை படைத்த அந்த இயந்திரம் செய்கிற வேலையெல்லாம் இந்தத் தீர்மானமும் தினசரி பஞ்சாங்கமும்தான் என்றாலும், அந்த மூன்று சுழிக்காகப் பாதி விலையாவது தகும் என்றே எனக்குத் தோன்றிற்று.

நஷ்டம் எங்கள் வீதிக்குத்தான். இப்போது யார் போய் எந்த இயந்திரத்தைப் பற்றிக் கேட்டாலும், "நல்ல சாமான், தாராளமா வாங்குங்க" என்று விடுகிறார். பேரேடு பரணுக்குப் போய்விட்டது. பிரம்பு நாற்காலியில் பூனை படுத்திருக்கிறது.

போன வாரம் சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுப் படியேறினார். கையில் ஒரு பென் டிரைவ்.

"சங்கத்துக் கணக்கு, சார். என்னுதுல இதைச் செருக வாசல் இல்லை. தனியா ஒரு இணைப்பு வாங்கினேன், எங்கே வச்சேன்னு தெரியலை. உங்க பொண்ணோட பழைய பெட்டி இருக்கா?"

இருந்தது. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், என் பெண் பிளஸ் டூ படித்த வருஷம் கொடுத்தது. அவள் காலேஜையும் கடந்து வேலைக்கே போய்விட்டாள். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினேன். பென் டிரைவ் உள்ளே போயிற்று. கணக்குத் திறக்க நாலைந்து நிமிஷம் பிடித்தது. அந்த இடைவெளியில் ஆடிட்டர் சார் மூடியின் விளிம்பில் ஒற்றை விரலை வைத்து மெல்ல அசைத்தார். அடிப்பாகம் மேஜையை விட்டு எழும்பியது. அவர் முகத்தில் பல மாதமாகக் காணாத ஒரு தேஜஸ் வந்தது.

"பாட்டரி எத்தனை நேரம் நிக்கும், சார்?"

"இருபது நிமிஷம்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். காகிதம் இல்லாததால், மேஜை மேல் கிடந்த எங்கள் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் இட்டார். அது இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது: 'பாட்டரி 20 நிமிடம். கீல் இறுக்கம். தடை எழுப்பப்படுகிறது.'